ஆடை படியாத குழாய்

தைவானின் தெற்கே, எங்கள் தைனானில் விடிவதற்குள் வயிற்றுக்கு ஏதாவது போட்டாக வேண்டும். போடாதவனை எங்கள் தெருவில் யாரும் முழு மனிதனாக மதிப்பதில்லை. வடக்கே தைபேயில் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே ரயிலைப் பிடிக்க ஓடுவார்களாம். அது அவர்கள் தலையெழுத்து. எங்களுக்கு அன்றைக்கு வெட்டிய மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவிக் கிண்ணத்தில் பரப்பி, கொதிக்கிற சாற்றை அதன் தலையில் ஊற்ற வேண்டும். பக்கத்தில் பன்றிக் கொழுப்பு மினுங்கும் கறிச்சோறு ஒரு சின்னக் கிண்ணம் இருக்க வேண்டும். அப்புறம்தான் மற்ற பேச்செல்லாம்.

எங்கள் தெருவில் அந்தச் சாற்றை விற்பவன் சூ மாவ்சோங். அப்பா நடத்திய கடையை இப்போது இவன் நடத்துகிறான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாட்டிறைச்சியை மாவ்சோங் வாயில் வைக்க மாட்டான். பட்டாளத்தில் இருந்தபோது லாரி கவிழ்ந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவன் அவன். பிள்ளை பிழைத்தால் இனி மாட்டிறைச்சி தொடமாட்டான் என்று அவன் அம்மா, கருணைத் தெய்வமான குவான்யின் தாயிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். நேர்ந்துகொண்டது அம்மா, பத்தியம் இருப்பது பிள்ளை. அதனால் தினமும் சாற்றுக்கு உப்புப் பார்ப்பது அவன் மனைவி சாய்லுவானின் வேலை. கரண்டியில் கொஞ்சம் வாங்கி உறிஞ்சுவாள், "போதும்" என்றோ "இன்னும் கொஞ்சம்" என்றோ சொல்வாள், ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள்.

லுவான் என்று நாங்கள் கூப்பிடும் அவள் பிறந்தது கடலோரத்தில், மீன் வளர்க்கும் குடும்பத்தில். பால்மீன் குஞ்சுகளைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், உடம்பு முழுக்கக் கண்ணாடி. இரண்டு கரும்புள்ளிக் கண்களை வைத்துத்தான் அங்கே ஒரு உயிர் இருக்கிறது என்றே சொல்ல முடியும். அவற்றை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு, பாட்டாகப் பாடி எண்ணி விற்பார்கள். பாட்டுக்கு நடுவே தும்மினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். லுவான் ஏழு வயதிலேயே எண்ண உட்கார்ந்தவள். பக்கத்துக் குளத்துக்காரர் வீட்டுக்கே மருமகளாகப் போகட்டும் என்று அப்பா கணக்குப் போட்டார். அவளோ ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து நின்றாள். அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு மாதம்தான் நிம்மதியாகப் படித்தேன் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

படித்து முடித்ததும் ஆஸ்பத்திரி ரத்தப் பிரிவில் வேலை. இரவுப் பணி முடிந்து பசியோடு வரும் பெண்ணுக்கு விடியற்காலையில் திறந்திருந்த ஒரே கடை மாவ்சோங்குடையது. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவன் ஒருநாள் கேட்டான். இல்லை என்றாள். அத்தனை வருஷத்தில் அவன் முகத்துக்கு நேராக அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். ஆறு மாதத்தில் கல்யாணம்.

பிறகு அதே ஆஸ்பத்திரியில் பேராசிரியர் ஜியான் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆள் தேடினார். லுவான் போய்ச் சேர்ந்தாள். அங்கே நடக்கும் வேலையைத் தெருவில் யாராவது கேட்டால் அவள் இப்படித்தான் விளக்குவாள்: நம் உடம்பின் செல்கள் சும்மா இருப்பதில்லை, ஒன்றுக்கொன்று பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்கு எட்டாத சின்னப் பைகள் அவை. புற்றுநோய்ச் செல் மற்றவற்றைவிட அதிகமாக அனுப்பும், அனுப்பியது யார் என்ற அடையாளமும் பையின்மேல் ஒட்டியிருக்கும். கட்டி வலிப்பதற்கு முன்பே பொட்டலம் ரத்தத்துக்கு வந்துவிடும். அதைப் பிடித்துவிட்டால் ஆளைப் பிடித்த மாதிரி.

பிடிப்பதுதான் பெரும்பாடு. ரத்தத்தின் மஞ்சள் நீரை மட்டும் பிரித்தெடுத்துக் குழாயில் ஊற்றி, எதிரெதிர்க் குழாய்களின் எடையை மயிரிழை பிசகாமல் சமன்செய்து, மணிக்கணக்காக அதிவேகத்தில் சுழற்ற வேண்டும். நுண்பைகள் குழாயின் அடியில், வெளிப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுழற்றுவதற்கு முன்பே வெளிப்பக்கம் எதுவென்று பேனாவால் ஒரு கரும்புள்ளி வைத்துவிடுவாள் லுவான். சுழன்று வந்ததும் அந்தப் புள்ளியை நம்பி, ஒன்றுமே இல்லாத இடம்போலத் தெரிவதைத் துளித்துளியாகக் கழுவி எடுப்பாள். எடுத்ததை லேசர் ஒளியில் வைத்தால் கருந்திரையில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணிச் சொல்லும். அதற்குப் பாட்டுப் பாடத் தெரியாது, அவ்வளவுதான் குறை.

இந்த வேலையில் அவளுக்கு இருந்த வெறி சம்பளத்துக்கானதல்ல. மாவ்சோங்கின் அப்பாவும் அண்ணனும் கணையப் புற்றில் போனவர்கள். இரண்டு பேரும் கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வந்தபோது அறுத்தெடுக்க வழியில்லாத அளவுக்குப் பரவியிருந்தது. அடுத்தது யார் என்று வீட்டில் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் உப்புப் பார்க்கும் சாக்கில் லுவான் பார்த்தது புருஷனின் கண்களைத்தான். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுப்பாள். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்காத ஒரு வழி வேண்டும், அது அவன் காலத்துக்குள் வரவேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

காலையில் வெறும் வயிற்றில் எடுத்த நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்களும் வேண்டுமே. எங்கள் தெருமுனைக் கோயிலில் இருக்கும் சாமியே ஒரு வைத்தியர். அவர் பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்தின வாரம் கோயில் முற்றத்திலேயே ரத்தம் எடுப்பது என்று லுவான் ஏற்பாடு செய்தாள். வீடு வீடாகப் போய், முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்று சொன்னாள். செருப்புத் தைக்கும் லியாவ் பெரியவரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாள். மாவ்சோங்கையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேராசிரியரைக் கேட்டாள். குடும்பத்தில் நோய் இருப்பதால் ஆரோக்கியமானவர்கள் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் எடுத்து வைப்போம், கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்றார் ஜியான். யாருடையது எது என்று தெரியாமல் இருக்க நர்ஸ் எல்லாவற்றுக்கும் எண் ஒட்டிக் கலந்துவிடுவாள்.

அன்று காலை லுவான் கோயிலில் இல்லை. ரத்தம் வந்து சேர்ந்த கையோடு பிரித்தாக வேண்டும் என்பதால் ஆராய்ச்சிக்கூடத்திலேயே காத்திருந்தாள். எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பம்.

சுழற்றி, கழுவி, எண்ணிப் பார்த்தால் கோயில்காரர்களின் ரத்தத்தில் திரைகொள்ளாமல் புள்ளிகள். புற்றுநோயாளிகளே தேவலை என்கிற மாதிரி இருந்தது. தைபேயிலிருந்து வந்து சேர்ந்த ஆராய்ச்சியாளன் யூஹெங் முதலில் சுழற்று இயந்திரத்தின் தலைமேல் இருந்த பச்சைப் பாக்கெட்டைத்தான் எடுத்துப் பார்த்தான். இயந்திரம் சமர்த்தாக ஓடுவதற்காக அதன்மேல் தேங்காய் மணக்கும் சோளப்பொரிப் பாக்கெட் ஒன்றை வைப்பது எங்கள் நாட்டு வழக்கம். பச்சைதான் வைக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது. தேதி தாண்டியிருந்தது. முனைவர் பட்டம் வாங்கியவன் முகம் வெளுத்துப்போய்க் கீழே கடைக்கு ஓடிப் புதுசு வாங்கி வந்து வைத்தான். மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் அதே கூட்டம்.

பேராசிரியர் ஜியான் கத்துகிற ஆள் இல்லை. ஆரோக்கியமானவர்களையும் நோயாளிகளையும் பிரித்துக் காட்டாத சோதனையை யாரும் தொடரவிட மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக் குழு கூடுகிறது. அதற்குள் விடை இல்லையென்றால் ரத்த நீரை உறையவைத்திருக்கும் பெட்டியைக் காலி செய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை லுவான் உப்புப் பார்க்கக் கரண்டியை வாங்கியபோது புருஷனின் கண்களை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். மூஞ்சியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அவன் துடைத்துக்கொண்டான்.

முடிச்சை அவிழ்த்தது யூஹெங். கோயிலிலிருந்து வந்த குழாய்களைச் சுழற்றி முடித்ததும் மேலே பாலாடைபோல வெள்ளையாக ஏதோ மெல்லிசாகப் படிந்ததை அவன் படம் எடுத்து வைத்திருந்தான். நோயாளிகளின் குழாய்களில் அது இல்லை. என்ன புரதம் என்று சோதித்துப் பார்த்தான். கொழுப்பைச் சுமந்து போகும் உருண்டைகளுக்கு உரியது என்று வந்தது. கொழுப்பு உருண்டையும் ஏறக்குறைய நுண்பை அளவுதான். ஒளியில் அதுவும் புள்ளியாகத்தான் துள்ளும். எண்ணும் இயந்திரம் யாரிடமும் ஊர் பெயர் கேட்பதில்லை.

"லுவான் அக்கா, இவங்கல்லாம் சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க."

லுவானுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்.

"எங்க தெரு ஆளுங்க சொன்ன சொல் தவற மாட்டாங்க தம்பி. உங்க ஊர் மாதிரின்னு நெனச்சியா?"

"படத்தப் பாருங்க. இருபத்திமூணாம் நம்பர் ஒண்ணுலதான் ஆடை இல்ல. உங்க தெருவுலயே ஒரே ஒரு யோக்கியர்தான் இருக்காரு போல."

மதியமே ஸ்கூட்டரைக் கிளப்பி வீட்டுக்கு வந்தாள். கடை மூடியிருந்தது. மாவ்சோங் முற்றத்தில் குந்தி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளை அந்த நேரத்தில் பார்த்ததுமே கை நின்றுவிட்டது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, முகமே சொல்லிவிட்டது.

"யாருக்குக் குடுத்த?"

"எல்லாருக்கும்தான்." அவன் தேய்க்கும் நாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோயிலுக்குப் போற வழியில கடை இருக்கு. வெறும் வயித்தோட வந்து நிக்கிறாங்க. ரத்தம் குடுக்கப் போறவங்கள பட்டினியா அனுப்பச் சொல்றியா? லியாவ் பெரியவர் மயங்கி விழுந்திருந்தா? கொலஸ்ட்ரால் பாக்கறதுக்குத்தான் பட்டினி இருக்கணும், நீ பாக்கறது புத்துநோய் தானே, சாறு என்ன பண்ணப் போவுதுன்னு அவரே சொன்னாரு."

"சோறும் குடுத்தியா?"

"சோறு இல்லாம எப்படிக் குடுக்கறது?"

அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்குத்தான் வந்திருந்தாள். நீயும் தின்றாயா என்று மட்டும் கேட்டாள்.

அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் எப்படித் தின்பேன்? நீ கூடாதுன்னு சொன்னே இல்ல? பச்சத் தண்ணிதான். அவங்க விருந்தாளி. நான் உன் புருஷன்."

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய் ஆராய்ச்சிக்கூடத்தில் சொன்னபோது யூஹெங் வாயைப் பிளந்தான். விடிவதற்கு முன்னால் மாட்டுச் சாறு குடிக்கும் ஒரு ஊர் உலகத்தில் உண்டு என்று எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுதியிருக்கவில்லை. பேராசிரியர் ஜியான் எங்கள் ஊர்க்காரர். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கடையைத் தாண்டிப் போயிருந்தால் தானும் குடித்திருப்பேன் என்றார்.

எண்ணுவதை நிறுத்திவிட்டு, பிரிப்பதில் இறங்கினார்கள். எடுத்து வைத்திருந்த மிச்ச ரத்த நீரை உருக்கினார்கள். குழாயில் பாகுபோன்ற கரைசலைக் கனமானது கீழே, லேசானது மேலே என்று அடுக்கடுக்காக ஊற்றி, அதில் விட்டுச் சுழற்றினார்கள். கொழுப்பு மேலேயே மிதந்து தங்கிவிட்டது. நுண்பைகள் அவற்றின் கனத்துக்கு உரிய நடு அடுக்கில் வந்து நின்றன. அந்த அடுக்கை மட்டும் எடுத்து, புற்றின் அடையாளம் உள்ள பைகளை மட்டும் பற்றிக்கொள்ளும் காந்த மணிகளைப் போட்டு அலசினார்கள். அடுக்கு கலங்கினால் எல்லாம் பாழ் என்பதால் ஊற்றும்போது லுவான் பக்கத்தில் யாரையும் பேசவிடவில்லை. தும்மவும் விடவில்லை.

கோயில்காரர்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக இறங்கியது. நோயாளிகளுடையது இறங்காமல் அப்படியே நின்றது. நடுவில் ஒரு கோடு கிழிக்கலாம் போல இரண்டு கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்தன. யூஹெங் எல்லாருக்கும் பால் டீ வரவழைத்தான். லுவானுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாழாகப் போய்விட்டது என்று நினைத்த சோதனை பிழைத்துக்கொண்டது, மாவ்சோங்கின் காலத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று உறிஞ்சுகுழலை வாயில் வைத்தபடி நினைத்தாள்.

"இது ஒண்ணு மட்டும் இறங்க மாட்டேங்குது" என்றான் யூஹெங், திரையைப் பார்த்தபடி. "கோயில்ல எடுத்ததுதான். ஆனா நோயாளிங்க பக்கம் போய் நிக்குது. இருபத்திமூணு."

அவனுக்கு அது வெறும் எண். அன்றைக்குத் தான் சொன்ன யோக்கியர் கதை அவனுக்கு நினைவில்லை. லுவான் டீயைக் கீழே வைத்தாள். மேலே ஆடை படியாத ஒரே குழாய். தெருவிலேயே அன்று சாப்பிடாத ஒரே ஆள். பட்டியலை யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பேராசிரியரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். ஜியான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத வச்சு நோய்னு சொல்ல முடியாது லுவான். இன்னும் நாமளே இத முழுசா நம்பல. ஆனா அப்பாவும் அண்ணனும் அப்படிப் போயிருக்காங்க, ஸ்கேன் எடுக்க அது ஒண்ணே போதும். நாளைக்கே கூட்டிட்டு வா."

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கரண்டியை வாங்கி உறிஞ்சினாள். வாயில் எதுவுமே தெரியவில்லை. உப்பு எப்படி என்று மாவ்சோங் கேட்டான். தெரியவில்லை என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதில்லை. அவன் அடுப்பைத் தணித்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அழுதுகொண்டேதான் சொன்னாள். அவன் கண்களில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றான் அவன்.

"அதனாலதான் போகணும்னு சொல்றேன். வலிக்க ஆரம்பிச்சப்புறம் போனவங்க ரெண்டு பேரையும் நாம பாத்தோமே."

அவன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்தான். வரிசையில் முதலாவதாக நின்ற லியாவ் பெரியவரிடம் கரண்டியைக் கொடுத்து, இன்றைக்கு நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள், காசை டப்பாவில் போடுங்கள் என்றான். பெரியவர் கரண்டியை வாங்கிக்கொண்டு அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஸ்கேனில் கணையத்தின் வால்பக்கம் வேர்க்கடலை அளவில் ஒன்று தெரிந்தது. எங்கேயும் பரவியிருக்கவில்லை. வெட்டியெடுத்த ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று அறுவை மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது, லுவான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவேயில்லை. கணையப் புற்றை இந்த அளவில் பிடிப்பது தன் அனுபவத்தில் அபூர்வம் என்றார் அவர். கட்டிலில் கிடந்த மாவ்சோங் நினைவு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான்.

அடுத்த வருஷமும் சாமியின் பிறந்தநாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் கோயில் முற்றத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை லுவான் யார் வீட்டுக்கும் போகவில்லை, அவள் புருஷனே போனான். அன்றைக்குக் காலையில் எங்கள் தெருவில் அண்டா அடுப்பேறவில்லை. இருட்டில் எழுந்து பழக்கப்பட்ட வயிறுகள் எல்லாம் கோயில் வாசலில் வரிசையாக நின்று முனகின. இப்படிப் பட்டினி போட்டால் சாமியே எழுந்து போய்விடுவார் என்றார் லியாவ் பெரியவர். இளைத்துப் போயிருந்த மாவ்சோங் அவருக்குப் பின்னால் நின்று, என் பெண்டாட்டியின் இயந்திரத்துக்குக் கொழுப்பு ஆகாது, உங்களுக்கும்தான் ஆகாது என்றான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் லுவான் குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒன்றின்மேலும் ஆடை இல்லை. இந்தத் தடவையும் நர்ஸ் எண்களைக் கலந்திருந்தாள். கரும்புள்ளிகளை நம்பிக் கழுவி, அடுக்கி, அலசி, திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். எண் எண்ணாக வந்தது. எல்லாம் கோட்டுக்குக் கீழே, ஒன்றை ஒட்டி ஒன்றாக இருந்தன. அவற்றில் ஒன்று மாவ்சோங்குடையது. எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.